மலிவு விலை டீச்சர்

"பொம்பளப் புள்ளைக்கு டீச்சர் வேலை மாதிரி வருமா?" தமிழ்நாட்டில் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் வளர்ந்த பெண் இருக்க முடியாது. சொல்பவர்கள் எல்லோரிடமும் காரணங்கள் தயாராக இருக்கும். நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். மே மாதம் லீவு. நம்ம பிள்ளையையும் அதே பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். புடவை கட்டிக்கொண்டு போய் வரலாம், ஆம்பளைகளோடு ரொம்பப் பழக வேண்டியதில்லை. சம்பளம் எவ்வளவு என்பது மட்டும் அந்தக் காரணங்களில் வராது. கவனித்துப் பாருங்கள், வேலையின் சிறப்புகளாகச் சொல்லப்படுபவை அத்தனையும் வேலைக்கு வெளியே இருக்கின்றன: திரும்பி வந்து அவள் வைக்கப்போகும் உலை, அவள் வளர்க்கப்போகும் பிள்ளை, அவளைப் பற்றி ஊர் பேசாமல் இருக்கப்போகும் பேச்சு. வீட்டுவேலைக்கு இடைஞ்சல் செய்யாத ஒரு பொழுதுபோக்காகத்தான் ஆசிரியப் பணியை நமக்குப் பரிந்துரைக்கிறார்கள்.

பொழுதுபோக்குக்கு யாராவது கடன் வாங்கிச் செலவு செய்வார்களா? மகனுக்குப் பொறியியல் கல்லூரி தேடும்போது "எது நல்ல காலேஜ்?" என்று ஊரெல்லாம் விசாரிக்கிற அதே அப்பா, மகளுக்குப் பி.எட். தேடும்போது "எது குறைச்சல்?" என்று விசாரிப்பது இதனால்தான். பதினெட்டு ஆண்டுகளாகக் கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். ஒவ்வொரு மார்ச் மாதமும் மூன்றாமாண்டு மாணவிகள் துறை அறை வாசலில் கூட்டமாக வந்து நிற்பார்கள். "மேம், பி.எட். எங்க கம்மியா இருக்கும்?" எங்கே நன்றாகச் சொல்லித்தருவார்கள் என்று கேட்ட பெண்களை என் கைவிரல்களில் எண்ணிவிடலாம். அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? கேள்வி வீட்டில் தயாராகி வருகிறது. அண்ணன் படிப்புக்குப் போனது போக, கல்யாணத்துக்கு எடுத்து வைத்தது போக, மிச்சம் இவ்வளவுதான் என்று எல்லை கட்டி அனுப்பியிருக்கிறார்கள். அதற்குள் ஒரு பட்டத்தை அவள் பேரம்பேசி வாங்கிவர வேண்டும்.

சரி, ஒப்பிடுவோம். வீட்டார் ஒப்பிடுவதைவிட ஒழுங்காகவே ஒப்பிடுவோம்.

எல்லாவற்றிலும் குறைந்த செலவு, பிளஸ் டூ முடித்ததும் சேரக்கூடிய இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு. நம் அம்மாக்கள் காலத்துப் பேச்சில் டீச்சர் ட்ரெய்னிங். 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு மாவட்டந்தோறும் என்று தொடங்கப்பட்ட 'டயட்' நிறுவனங்களில் இதைச் சொற்பக் கட்டணத்தில் படித்துவிடலாம். ஒரு காலத்தில் இதற்கு இருந்த கிராக்கியில் தனியார் பயிற்சிப் பள்ளிகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. வேலை இல்லை என்றானதும் கூட்டம் கூட்டமாக மூடப்பட்டன. அரசு நிறுவனங்களிலும் பலவற்றில் இன்று புதிய சேர்க்கை இல்லை. செத்த படிப்பு என்று எல்லோரும் ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. பி.எட். முடித்தவர்களும் தொடக்க வகுப்புகளுக்கு ஆசிரியராகலாம் என்று 2018இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வெளியிட்ட அறிவிப்பு செல்லாது, ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்குத் தொடக்கக் கல்விப் பயிற்சி பெற்றவர்களே தகுதியானவர்கள் என்று. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது உங்கள் ஆசையானால் உங்கள் பாதை இதுதான். கல்லூரிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் தரகர் யாரும் இதைச் சொல்ல மாட்டார். ஒரு பட்டயத்துக்கு அவருக்குக் கமிஷன் கிடைக்காது.

அடுத்தது பி.எட். ஓராண்டுப் படிப்பாக இருந்ததை, 2014ஆம் ஆண்டின் நெறிமுறைகள் வழியாக 2015-16 கல்வியாண்டு முதல் இரண்டாண்டாக்கினார்கள். நல்ல ஆசிரியரை உருவாக்க ஓராண்டு போதாது என்பது நியாயமான வாதம். ஆனால் செலவும் காலமும் இரட்டிப்பானபோது, கூடுதல் ஓராண்டை யார் வீட்டுப் பெண்ணுக்கு யார் கொடுப்பார்கள் என்று எவரும் கேட்கவில்லை. இருபத்தொரு வயதில் பட்டம் முடிக்கிறவளுக்கு "ஒரு வருஷந்தானேப்பா" என்று கெஞ்சி வாங்க முடிந்த இடத்தில் இரண்டு வருடம் கேட்க வேண்டியதாயிற்று. இப்போது, நான்காண்டுப் பட்டம் முடித்தவர்களுக்கு மறுபடியும் ஓராண்டுப் பி.எட். என்று 2025இல் வரைவு ஒன்று வந்திருக்கிறது. நாலு வருடம் பட்டம் படிக்க விடுகிற வீடு அதற்குள் எங்கே கிடைக்கும் என்பதும் அந்த வரைவில் இல்லை.

தமிழ்நாட்டில் அரசு கல்வியியல் கல்லூரிகள் ஏழு, அரசு உதவிபெறுபவை பதினான்கு. இந்த இருபத்தொன்றிலும் சேர்த்து ஏறத்தாழ இரண்டாயிரம் இடங்கள். 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இருப்பவையோ அறுநூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள். மிச்சமெல்லாம் சுயநிதிக் கடைகள். அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். பெண்களுக்கு மட்டும் என்றால் சென்னை லேடி வெலிங்டன், கோவை அரசு மகளிர் கல்வியியல் கல்லூரி. உதவிபெறுபவற்றில் சென்னையில் ஸ்டெல்லா மெட்டுடினா, செயின்ட் கிறிஸ்டோபர்ஸ், சேலத்தில் ஸ்ரீ சாரதா, மதுரையில் செயின்ட் ஜஸ்டின்ஸ், பாளையங்கோட்டையில் புனித இஞ்ஞாசியார். சில உதவிபெறும் கல்லூரிகளில் சுயநிதிப் பிரிவும் உண்டு. உங்களுக்குக் கிடைத்திருப்பது எந்தப் பிரிவு என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள், பெயர்ப் பலகை இரண்டுக்கும் ஒன்றுதான்.

இரண்டாயிரம் இடங்களைத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், வரலாறு என்று பாடவாரியாகப் பிரித்து, பிறகு ஒதுக்கீட்டுப் பிரிவுகளாகவும் பிரித்துப் பாருங்கள். பி.ஏ. தமிழ் படித்த ஒரு பெண்ணுக்கு அங்கே எத்தனை நாற்காலி மிஞ்சும்? மலிவான படிப்பு இந்த மாநிலத்தில் இருக்கிறது, ஆனால் அதில் உட்கார இடம் இல்லை. பள்ளி ஆசிரியர்களில் பெண்களே பெரும்பான்மையாக இருக்கும் ஒரு மாநிலம், அவர்களை உருவாக்கும் வேலையை ஏறக்குறைய முழுக்கவே தனியார் கையில் விட்டுவிட்டு, பெண் கல்வியில் நாங்களே முதலிடம் என்று பேசிக்கொள்கிறது.

தொலைநிலைப் படிப்பு மலிவு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இக்னோவில் பி.எட். இரண்டாண்டுக்கும் சேர்த்துக் கட்டணம் 55,000 ரூபாய். அரசுக் கல்லூரியைப்போலப் பல மடங்கு. போகட்டும், அதில் சேர நீங்கள் ஏற்கெனவே தொடக்கக் கல்விப் பயிற்சி முடித்தவராக இருக்க வேண்டும். தனியார் பள்ளியில் பயிற்சியே இல்லாமல் எட்டு வருடம் பாடம் நடத்தியவளுக்கு அங்கே கதவு மூடியிருக்கிறது. மைசூரு மண்டலக் கல்வி நிறுவனம் போன்ற இடங்களில் பிளஸ் டூ முடித்ததும் சேரும் நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பு உண்டு. மத்திய நிறுவனம், கட்டணம் குறைவு, விடுதி உண்டு, ஐந்தாண்டு வேலை நான்கில் முடியும். தமிழ்நாட்டுப் பெண்களுக்கும் அது உரியது என்பதே நம் அரசுப் பள்ளிகளில் பல பேருக்குத் தெரியாது. தெரிந்தாலும், "மைசூரா? பொட்டப் புள்ளைய எப்படித் தனியா அனுப்புறது?"

இனி அந்த அறுநூறுக்கு வருவோம். சுயநிதிக் கல்லூரிகளுக்கு அரசின் குழு கட்டணம் நிர்ணயிக்கிறது. அந்தத் தொகை அறிவிப்புப் பலகையில் இருக்கும். அதற்கு மேல் சீருடை, பதிவேடு, செய்முறைத் தேர்வு, கற்பித்தல் பயிற்சி, 'இதர' என்று வருபவை பலகையில் இருக்காது. தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளிடம் "ஸ்காலர்ஷிப் இருக்கு, பைசா செலவில்லை" என்று சொல்லிச் சேர்த்துவிட்டு, "பணம் வர்ற வரைக்கும் நீ கட்டு, வந்ததும் தர்றோம்" என்பது அடுத்த காட்சி. கட்ட முடியாதவளின் அசல் சான்றிதழ்கள் அலுவலக பீரோவில் கிடக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே 'நான்-ரெகுலர்' என்று ஒன்று உண்டு. சட்டத்தில் இப்படி ஒரு படிப்பே கிடையாது. வகுப்புகளுக்கு 80 விழுக்காடு வருகை, பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடு வருகை என்பது குழுமத்தின் விதி. ஆனாலும் எந்த ஊரில் கேட்டாலும் சொல்வார்கள்: பணத்தைக் கட்டிவிட்டால் போதும், வர வேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும். இந்தச் சரக்கு யாருக்காகத் தயாரிக்கப்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். நிச்சயம் ஆன பெண்ணுக்கு. கைக்குழந்தை உள்ளவளுக்கு. "படிக்க வைக்கிறோம், ஆனா வெளிய அனுப்ப மாட்டோம்" என்கிற மாமியார் வீட்டுக்கு. தினம் போய்வர வேண்டாம், நாலு பேரைப் பார்க்க வேண்டாம், சமையல் நிற்காது, பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்தும் வந்துவிடும். வருகைப் பதிவேட்டில் அவள் இருப்பாள், வகுப்பறையில் இருக்க மாட்டாள். ஒரு குடும்பம் தன் மருமகளிடம் என்ன எதிர்பார்க்கிறதோ, அதைக் கட்டணம் வாங்கிக்கொண்டு கல்லூரி செய்து தருகிறது.

உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் 2012இல் தந்த அறிக்கையை 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையே மேற்கோள் காட்டுகிறது. நாட்டில் தனித்து இயங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் பெரும்பாலானவை ஆசிரியர் கல்விக்கு முயலக்கூட இல்லை, பட்டங்களை விலைக்கு விற்கின்றன என்பது அதன் சாரம். விற்பவர்களைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசியாயிற்று. அந்தப் பட்டத்தைப் பெண்ணுக்காக வாங்கிக் கொடுப்பவர்களைப் பற்றி ஆணையங்கள் பேசுவதில்லை. நாம்தான் பேச வேண்டியிருக்கிறது.

என் மாணவி ஒருத்திக்கு அரசுக் கல்வியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. வீட்டிலிருந்து நான்கு மணி நேரப் பயணம், விடுதியில்தான் தங்க வேண்டும். அப்பா யோசித்தார், பெரியப்பா யோசிக்கவே இல்லை. பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில், வராமலே படிக்கும் வழியில், அரசுக் கட்டணத்தைப்போலப் பத்து மடங்குக்கு மேல் கொடுத்துச் சேர்த்தார்கள். குறைச்சல் எது என்று தேடிய வீடு அது! ஆக, அவர்கள் உண்மையில் மிச்சம் பிடிக்க நினைத்தது பணத்தை இல்லை. அவள் விடுதியில் இருக்கும் இரண்டு வருடத்தை. பி.எட். முடித்துவிட்டாள். ஒரு வகுப்பறையின் முன்னால் தனியாக நின்று ஒரு பாடம்கூட நடத்தியதில்லை. "மேம், சாக்பீஸ் புடிக்கவே கை நடுங்குது" என்றாள் என்னிடம். வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து நற்றிணைக்கு என்னோடு சண்டை போட்ட பெண் அவள்.

சென்னைக் கடற்கரையில், இன்று விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கப்படும் ஐஸ் ஹவுஸில் நூறாண்டுக்கு முன் இளம் விதவைகள் தங்கிப் படித்தார்கள். சிறுமியாக இருக்கும்போதே கணவனை இழந்து, 1911இல் பட்டம் பெற்ற சகோதரி சுப்பலட்சுமி நடத்திய இல்லம் அது. அந்தப் பெண்களுக்குக் குடும்பமும் ஊரும் விட்டுக்கொடுத்த ஒரே தொழில் ஆசிரியப் பணி. கல்யாணச் சந்தையிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்கு என்பதால் விட்டுக்கொடுத்தார்கள். (அந்த இல்லமும் பிராமண விதவைகளுக்கு மட்டுமே என்பதைச் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். தலித் பெண்களுக்கும் பிற பெண்களுக்கும் பாளையங்கோட்டை சாராள் தக்கர் போன்ற மிஷன் பயிற்சிப் பள்ளிகள் இன்னும் முந்தியே கதவு திறந்திருந்தன. அந்த வரலாறு இவ்வளவு விரிவாகச் சொல்லப்படுவதில்லை.) மொட்டையடித்து மூலையில் உட்கார வைக்கப்பட்ட பெண்ணுக்குப் பயிற்சிக் கல்லூரி என்பது தெருவுக்கு வரும் வழியாக இருந்தது. நூறு வருடத்தில் நாம் அதைத் தலைகீழாக்கி, பெண்ணைத் தெருவுக்கு வரவிடாமலே பட்டம் தரும் ஏற்பாடாக மாற்றியிருக்கிறோம்.

ஒழுங்காகக் கல்லூரிக்குப் போகிறவளின் கணக்கும் ஒன்று உண்டு. இரண்டாண்டில் குறைந்தது 20 வாரம் அவள் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி பெற வேண்டும். மிக அவசியமான பயிற்சி. ஆனால் நடப்பது என்ன? ஆசிரியர் பற்றாக்குறை உள்ள பள்ளியில் அவள்தான் அந்த வாரங்களுக்கு ஆசிரியர். பாடம் நடத்துகிறாள், நோட்டுத் திருத்துகிறாள், இறைவணக்கக் கூட்டத்தில் வரிசை நிறுத்துகிறாள். சம்பளம் இல்லை, பஸ் காசு இல்லை. பயிற்சி மருத்துவருக்கு உதவித்தொகை தர வேண்டும் என்பது நமக்கு இயல்பாகத் தெரிகிறது. பயிற்சி ஆசிரியைக்கு அப்படி ஒன்று தரலாம் என்றால் சிரிக்கிறார்கள்.

முடித்த பிறகு? தகுதித் தேர்வு. 2012இல் இங்கே முதல்முறை நடந்தபோது தேறியவர்கள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. தேறினாலும் வேலை இல்லை. 2018இல் வந்த அரசாணை 149, தகுதித் தேர்வுக்குப் பின் இன்னொரு போட்டித் தேர்வும் எழுதச் சொன்னது. வேலையே கிடைத்தவர்களில்கூட, 2009 ஜூன் 1க்குப் பின் நியமிக்கப்பட்ட இடைநிலை ஆசிரியர்களுக்கு அடிப்படை ஊதியம் 5,200, அதற்கு ஒரு நாள் முன்பு வந்தவர்களுக்கு 8,370. சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு அவர்கள் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தபோது கைக்குழந்தையோடு தரையில் படுத்திருந்த பெண்களைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

2022இல் தமிழக அரசு, பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை எடுத்துக்கொள்ளச் சொன்னது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000. மாதத்துக்கு 26 நாள் என்று வகுத்தால் இடைநிலை ஆசிரியருக்கு நாளொன்றுக்கு 288 ரூபாய். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட கூலி 281. வெயிலில் மண் வெட்டும் பெண்ணுக்கு அது அதிகம் என்று நான் சொல்லவில்லை, அவளுக்கும் அது அநியாயக் கூலி. இரண்டு வருடப் பயிற்சிக்கு இந்த அரசு ஒரு பெண்ணுக்குக் கூடுதலாகப் போட்ட விலை ஏழு ரூபாய் என்று சொல்கிறேன். பிறகு இந்தத் தொகைகள் கூட்டப்பட்டன, ஆனாலும் நிரந்தர ஆசிரியர் வாங்குவதன் பக்கத்தில்கூட அவை வரவில்லை. தனியார் பள்ளிகளின் கதை இன்னும் மோசம். பி.எட். முடித்த என் பழைய மாணவிகள் சொல்லும் சம்பளம் எட்டாயிரம், ஒன்பதாயிரம். நடுவில் நின்றுவிடக் கூடாது என்று அங்கேயும் அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். இந்தச் சம்பளத்துக்கு ஆண்கள் வராதபோது, "லேடீஸ்னா அனுசரிச்சுப் போவாங்க" என்கிறார் தாளாளர். அனுசரித்துப் போவதற்கு அவளை வீட்டிலேயே பழக்கி அனுப்பியிருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். கணவன் சம்பாதிக்கிறான், இவளுடையது கூடுதல் வருமானம் என்கிற ஒரே நம்பிக்கையில் ஆயிரக்கணக்கான பள்ளிக்கூடங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அரசுக்கும் பெண்ணின் பட்டத்தை எங்கே வைப்பது என்பதில் நீண்ட காலம் குழப்பம் இருந்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தில், பட்டதாரிப் பெண்ணுக்கு 50,000 ரூபாயும் எட்டு கிராம் தங்கமும் தரப்பட்டது. பெண்களைப் படிக்க வைக்கத் தூண்டுகோல் என்றார்கள், அதற்குப் பலனும் இருந்திருக்கலாம். ஆனாலும் தேவதாசி முறையை எதிர்த்துப் போராடி 'தாசிகள் மோசவலை' எழுதிய பெண்ணின் பெயரில் தாலிக்குத் தங்கம்! 2022இல் அதை உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றி, அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரத் தொடங்கியதை மனதாரப் பாராட்டுகிறேன். அந்த ஆயிரம் முதல் பட்டத்தோடு நின்றுவிடுகிறது. பி.எட். படிக்கும் இரண்டு வருடத்துக்கும் அதை நீட்டிக்க வேண்டும். பள்ளிப் பயிற்சி வாரங்களுக்கு உதவித்தொகை வேண்டும். அரசுக் கல்லூரி இடங்களை ஏழில் நிறுத்தாமல் மாவட்டத்துக்கு ஒன்றாகக் கூட்ட வேண்டும், ஒவ்வொன்றிலும் பெண்கள் விடுதியோடு. விடுதி இல்லாத இலவசக் கல்வி, தூரத்து ஊர்ப் பெண்ணுக்கு இல்லாத கல்வி.

இவை வரும்வரை மாணவிகள் சும்மா இருக்க வேண்டியதில்லை. அரசு, உதவிபெறும் கல்லூரிகளுக்கான விண்ணப்ப அறிவிப்பு பட்டத் தேர்வு முடிந்த கையோடு வரும், முதலில் அதைப் போடுங்கள். இடம் கிடைத்தால் அம்மாவை அழைத்துக்கொண்டு போய் விடுதியைக் காட்டுங்கள். அப்பாக்களைவிட அம்மாக்கள் சீக்கிரம் சம்மதிப்பதைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு அந்த இரண்டு வருடம் கிடைக்கவில்லை. எந்தக் கல்லூரியானாலும் கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்கள். அசல் சான்றிதழைக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், வாங்கிக்கொண்டதாக எழுத்தில் வாங்குங்கள். "வர வேண்டாம்" என்று சொல்லும் கல்லூரியில் இரண்டு வருடம் கழித்து உங்கள் கை எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

பிறகு ஒரு தாளை எடுத்து வீட்டில் எல்லோரும் இருக்கும்போது கணக்குப் போடுங்கள். கட்டணம், விடுதி, பஸ், புத்தகம், தகுதித் தேர்வுப் பயிற்சி என்று எழுதுவதற்கு முன்னால், அண்ணன் படிப்புக்கு வாங்கிய கடனில் இன்னும் எவ்வளவு பாக்கி என்று அப்பாவிடம் கேட்டு, அதை முதல் வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.